இரண்டாம் மாடித் திருப்பம்

குளுஸ்கா என்று பேர் வைத்தேன்.
கொழுக்கட்டை என்று அர்த்தம்.
குட்டியாய் வந்தபோது அப்படித்தான் இருந்தாள்,
ஆவியிலிருந்து இறக்கிய வெள்ளையும் சூடுமாக.
இப்போது இடுப்பில் பாதியை மழித்து
இருபத்துமூன்று தையல்.
மழித்த இடத்தில் ஒரு மச்சம்.
ஆறு வருடமாய் அங்கே இருந்திருக்கிறது,
எனக்குத் தெரியாது.

வூட்ச் நகரத்தில் டிராம் ஓட்டுகிறேன்.
குறுக்கே யார் வந்தாலும் மணியடிக்கலாம்,
தண்டவாளத்தில் மணல் தூவலாம், பிரேக்கை மிதிக்கலாம்,
ஒதுங்க மட்டும் முடியாது.
அன்றைக்கு இரண்டாம் மாடித் திருப்பத்தில்
படிக்கட்டு விளக்கு தானாய் அணைந்தது.
மேலே இருந்து துமான் இறங்கிக்கொண்டிருந்தான்,
வாரை இழுத்துப் பறித்துக்கொண்டு.

முதல் வாரம் சமையலறைத் தரையில் அவளோடு படுத்தேன்.
கழுத்தில் மாட்டிய பிளாஸ்டிக் கூம்பு
நாற்காலிக் காலில் இடிக்கும்;
சரி, உயிரோடு இருக்கிறாள் என்று புரண்டு படுப்பேன்.
ஈரல் விழுதுக்குள் மாத்திரையைப் புதைத்துக் கொடுத்தால்
விழுதை மட்டும் வழித்துத் தின்றுவிட்டு
மாத்திரையை என் செருப்பில் வைத்தாள்,
மீதிச் சில்லறை தருவதுபோல.

டாக்டர் ஹலிட்ஸ்கா தையலை எண்ணிப் பார்த்துச் சொன்னாள்:
காயத்துக்குப் பதினைந்து நாள்.
படிக்கட்டுக்கு எத்தனை நாள் என்று
எனக்குத் தெரியாது.

கதவைத் திறந்து வைத்து நிலையில் உட்கார்ந்தேன்.
அன்றைக்கு அவ்வளவுதான்.
பிறகு ஒருநாள் மூக்கு மட்டும் வெளியே போனது.
பிறகு நான்கு படி.
எந்த வீட்டிலோ சாவிக்கொத்து குலுங்க
நான்கும் வீண்.
விடியுமுன் மூன்றரைக்கு
பதினாறு கிலோவையும் தூக்கிக்கொண்டு இறங்குவேன்.
பனியில் அவள் ஒன்றுக்கிருக்க,
பக்கத்தில் சீருடையில் நான்,
கையில் குடை.
மழை இல்லை.

என் இடது கையில் நாலு பல்தடம்.
துமான் கடித்தான் என்றேன் பணிமனையில்.
சுகாதார அலுவலகத் தாளிலும் அதையே எழுதிக்
கையெழுத்துப் போட்டேன்.
பதினைந்து நாள் கண்காணிப்பு என்றார்கள்.
மூன்றாம் மாடி ஸெனோபியுஷ்
ஓர் உறையில் நானூறு ஸ்லோட்டி வைத்துக்
கதவுக்கடியில் தள்ளிவிட்டுப் போனார்.
மேலே நாளெல்லாம் நகச்சத்தம்,
சுவரிலிருந்து சுவருக்கு, சுவரிலிருந்து சுவருக்கு.
குளுஸ்கா கூம்பை நிமிர்த்திக்
கூரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

துமானின் பல் அவள் இடுப்பில்தான் இருந்தது.
பிரிக்கப் போன என் கை
போய் நின்றது அவள் வாயில்.
வலியில் அவளுக்கு எல்லாமே துமான்.
அந்தப் பல்லின் அகலம்
தினமும் சோறூட்டுகிற கைக்குத் தெரியாதா?
தெரிந்துதான் எழுதினேன்.

தையல் பிரித்த மறுநாள்
உறையை எடுத்துக்கொண்டு மேலே போனேன்.
வெங்காய வாசத்தோடு கதவு ஒரு சாண் திறந்தது.
"கையைக் கடித்தது உங்கள் நாயில்லை.
நாளைக்கு அலுவலகத்தில் மாற்றி எழுதித் தருகிறேன்."
அவர் என் கையைப் பார்த்தார்,
உறையைப் பார்த்தார், வாங்கவில்லை.
"உன்னுடையதற்குத் தடுப்பூசி போட்டிருக்கிறாயா?"
என்று மட்டும் கேட்டார்.

விளக்கு அணைந்தது.
கீழே, இருட்டில்,
டக்.
கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.
டக்.
அடித் தொண்டையை இறுக்கிக்கொண்டு துமானை
ஸெனோபியுஷ் உள்ளறைக்குத் தள்ளித் தாழிட்டார்.
நான் விளக்கைப் போட்டேன்.
திருப்பத்தில், எந்த இடத்தில் விழுந்தாளோ அதே இடத்தில்,
கூம்பு கோணலாய், கால் நடுங்க நின்று,
பயத்திலோ, இது என் இடம் என்றோ,
ஒன்றுக்கிருந்துகொண்டிருந்தாள்.
படிப்படியாய் அது இறங்கி ஓடியது.

அவர் வாளியைக் கொண்டுவந்தார்.
நான் துணியைப் பிழிந்தேன்.